ஆறுமுகம் அண்ணன் லோங்காங்கைக் கடந்த வரலாறு

மனிதன் ஒரு கால்வாயைக் கடக்க மூன்று வழிகள் இருக்கின்றன. தாண்டிக் குதிக்கலாம். பலகை போட்டு நடக்கலாம். அறவாரியத்துக்கு விண்ணப்பம் எழுதலாம். முதல் இரண்டும் நாகரிகம் வராத காலத்து வழிகள். ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துக்காரர்களான நாங்கள் போன வருடம் மூன்றாவது வழிக்கு முன்னேறினோம். அந்த முன்னேற்றத்தை உள்ளது உள்ளபடி எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். சாமிக்குப் பயந்தவள்.

எங்கள் லயத்தில் ஒரே வரிசையாகப் பத்தொன்பது வீடுகள். வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் நடுவே லயத்தின் நீளத்துக்கும் ஒரு லோங்காங் ஓடுகிறது, கால்வாய்தான். செம்பனைக் காட்டில் பெய்கிற மழை அத்தனையும் அதில்தான் வரும் என்பதால் கொஞ்சம் ஆழம், நாலடி அகலம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பலகை உண்டு. அதில் ஏறி இறங்கித்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் கட்டி பட்டணத்துக்கும் போனார்கள்.

கடைசி வீடு ஆறுமுகம் அண்ணனுடையது. முப்பது வருடம் பழக்குலை லோரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் சக்கரை வியாதி ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். நாற்காலி அகலம். பலகை ஒல்லி. அதனால் அண்ணன் கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் லயத்து ஆம்பளைகள் நாலு பேர் வந்து நாற்காலியோடு தூக்கி அந்தப் பக்கம் வைப்பார்கள். அண்ணனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சிரித்த முகம். பின்னால் அதுவே ஒரு பிரச்சினையாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஆடி மாதத்தில் அவர் மகள் மாதவிக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். தை மாதம் முகூர்த்தம், பாரோய் பட்டணத்தில் மண்டபம். அன்று சாயந்திரம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கிளினிக்குக்கு நாலு பேர் தூக்கறது பரவால்ல. மக கல்யாணத்தன்னிக்கு என்னை நாலு பேர் தூக்கி வாசலத் தாண்டக் கூடாது. அப்படித் தாண்டறது மனுசனுக்கு ஒரு தடவதான். அந்த தடவ நான் வேணாம்னு சொல்லப் போறதில்ல. இந்த தடவ வேணாம். என் சக்கரத்த நானே உருட்டிட்டுப் போவணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். லோங்காங்குக்கு மேலே கொஞ்சம் அகலமாக ஒன்று.

தோட்ட ஆபீசில் கேட்டோம். லோங்காங்கின் இந்தக் கரைதான் எங்களுடையது, அந்தக் கரை சாலைக்காரர்களுடையது என்றார்கள். சாலைக்காரர்களிடம் கேட்டோம். அது சரி, நடுவில் ஓடுகிற தண்ணீர் யாருடையது என்று அவர்கள் எங்களைக் கேட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

பாலர் பள்ளி விமலா டீச்சர்தான் ஃபேஸ்புக்கில் பார்த்துச் சொன்னாள், சிரம்பானில் 'நிழல்தரும் நெஞ்சங்கள் அறவாரியம்' என்று ஒன்று இருக்கிறது, இல்லாதவர்களுக்கு உதவுகிறது என்று. 'வாடிய முகம் கண்டால் நாடி வருவோம்' என்பது அவர்கள் வாசகம். நானும் விமலாவும் பஸ் ஏறிப் போனோம். ஆபீஸ் மூன்றாவது மாடியில். லிப்ட் இல்லை. நாடி வருகிறவர்களுக்கு எதற்கு லிப்ட் என்று விட்டுவிட்டார்கள்போல.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தது. மரியாதையான பிள்ளை. விஷயத்தைச் சொன்னோம்.

"தனிநபருக்குக் குடுக்கறதில்ல ஆண்ட்டி. சங்கமா வரணும்."

"போனது ஒருத்தர் காலுதானேம்மா?"

"அது சொந்தக் கஷ்டம் ஆண்ட்டி. ஒரு சங்கத்துக்கு வந்தாத்தான் அது சமுதாயக் கஷ்டம். அப்புறம், பயனாளி நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"அவரால வர முடிஞ்சா நாங்க ஏம்மா வர்றோம்?"

பிள்ளை யோசித்தது. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தது.

"வர முடியலைன்னு அவரே ஒரு கடிதம் எழுதணும். அதை நேர்ல கொண்டாந்து குடுத்துட்டா வரத் தேவையில்ல."

விமலா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். கேட்கப் போன இடத்தில் சத்தம் போடக் கூடாது. விண்ணப்பப் போராங்கை வாங்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினோம்.

அந்த வாரமே சங்கம் தொடங்கினோம். தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற இராஜமாணிக்கம் ஐயா இருக்கும்போது எங்களுக்கு என்ன குறை? நாற்பது வருடம் மற்றவர்களின் பெயரை எழுதிய கை. தன் பெயரைத் தலைவர் என்று எழுதிக்கொண்டபோது அவர் கண் கலங்கியது. 'ஒன்பதாங்கட்டைத் தோட்டக் கால்வாய் கடப்போர் நலச் சங்கம்' என்று அவரே பெயர் வைத்தார். விமலா செயலாளர். நான் வரவேற்புக் குழுத் தலைவி. பத்தொன்பது வீட்டில் பதினேழு வீட்டுக்குப் பதவி கிடைத்தது. ஆறுமுகம் அண்ணனுக்கும் ஒன்று கொடுத்தோம். பயனாளி.

சங்கம் என்றால் டி-சட்டை இல்லாமல் முடியுமா? இப்போது இரண்டு பேர் சேர்ந்து கோயில் கூட்டினாலே ஒரே நிறத்தில் டி-சட்டை போட்டுக்கொள்கிறார்கள். நாங்கள் கத்தரிப்பூ நிறம் எடுத்தோம். நெஞ்சில் சின்னம்: இரண்டு கைகள் ஒரு கால்வாயை ஏந்தி நிற்கின்றன. அச்சடித்து வந்தபோது யாரோ பாம்பு பிடிப்பதுபோல் இருந்தது. பரவாயில்லை, துணி நல்ல துணி.

அண்ணனின் சம்சாரம் மங்கம்மா அண்ணி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங்க கிராணி, இந்தச் சட்டைக் காசுக்கு லோங்காங்குல சிமெண்டே போட்டிருக்கலாமே?"

கிராணி ஐயா பொறுமையாக விளக்கினார். "போட்டிருக்கலாம்மா. ஆனா அது வேலை முடிஞ்ச மாதிரி ஆயிடும். நாம செய்யறது திட்டம்."

புரட்டாசியில் அறவாரியத்திலிருந்து தகவல் வந்தது. திட்ட மதிப்பீட்டு அதிகாரி திரு. புனிதன் அவர்கள் நேரில் வருகிறார்.

இந்த இடத்தில்தான் நாங்கள் ஒரு தவறு செய்தோம். வேறு எந்த ஊரிலும் இப்படிச் செய்வார்களா தெரியாது. ஆள் வருகிறார் என்றதும் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. அண்ணன் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தோம். தீபாவளிக்கு வைத்திருந்த திரைச்சீலையை மாட்டினோம். பலகைமேல் கோயில் சிவப்புத் துணியை விரித்தோம். வாசலில் வண்ணக் கோலம். மங்கம்மா அண்ணி மாதவியின் நிச்சயதார்த்தச் சேலையைக் கட்டி, இருக்கிற சங்கிலியோடு என் சங்கிலியையும் போட்டுக்கொண்டு நின்றார். லயத்தில் யாரும் அந்த மாதம் கவிச்சி தொடுவதில்லை. ஆனால் அதிகாரியாயிற்றே. பெருமாளிடம் முதல்நாளே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கோழிப் பிரட்டல் வைத்தேன்.

புனிதன் தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கையில் பெரிய கைப்பேசிபோல் ஒரு தட்டை வைத்துக்கொண்டு விரலால் எழுதினார். மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம், சாப்பிட உட்கார வைத்தோம்.

"புரட்டாசி ஆண்ட்டி, நான் சைவம்" என்றார்.

கோழியை அவர் தொடவில்லை. பாவம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. பெருமாள் கணக்கில் அதற்கு என்ன பெயரோ.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. கிராணி ஐயா சபையில் படித்தார். "பயனாளியின் குடும்பம் வசதியுடனும் மனநிறைவுடனும் வாழ்வது நேரடி ஆய்வில் கண்டறியப்பட்டது. கால்வாய்க்கு மேல் செம்பட்டு விரித்த பாலம் ஏற்கெனவே உள்ளது. மேலும், பயனாளி சிரிக்கிறார்."

மேல்முறையீடு செய்தோம். மறு ஆய்வுக்குக் கார்த்திகையில் தேதி கொடுத்தார்கள். இந்த முறை விவரமாக இருந்தோம். தொலைக்காட்சி என் வீட்டுக்கு வந்தது. திரைச்சீலை விமலா வீட்டுக்குப் போனது. வெள்ளைச் சுவரில் தர்மேந்திரன் என்கிற பையன், இருபத்தைந்து வயது, சங்கத்தின் தொழில்நுட்பப் பிரிவு, அடுப்புக்கரியை அழகாகத் தேய்த்துக் கொடுத்தான். எல்லாம் ஆனது. கிழிந்த சேலை ஒன்றுதான் கிடைக்கவில்லை.

"உங்க வீட்டுல கிழிஞ்சது ஒண்ணு இருக்குமே?" என்று வீடு வீடாகக் கேட்டுப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "எங்ககிட்ட ஏதுக்கா கிழிஞ்சது?" எனக்கும் கோபம் வந்தது, என்னிடம் வேறு யாராவது வந்து அப்படிக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கடைசியில் விமலாவின் நல்ல சேலை ஒன்றை எடுத்து நாங்களே கிழித்தோம்.

மங்கம்மா அண்ணி அதைக் கட்ட மறுத்துவிட்டார். "வீட்டுக்கு ஒரு ஆளு வர்றப்ப பீத்தல் சீலையக் கட்டச் சொல்றீங்களா? மக கல்யாணம் வருது. சம்பந்தி வீட்டுக்காரங்க காதுல விழுந்தா?"

"அண்ணி, ஒரு மணி நேரம்தான். திட்டத்துக்காக."

"தூ, உங்க திட்டம்" என்று சொல்லிவிட்டுக் கட்டினார். கட்டிக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தவர் வெளியே வரவே இல்லை.

புனிதன் தம்பி வந்தார். தேத்தண்ணி கூடக் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருக்க நான் என் இரண்டு கையையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் சுற்றிப் பார்த்து, "ம், நல்ல முன்னேற்றம்" என்றார். பிறகு ஆறுமுகம் அண்ணன் பக்கம் கைப்பேசியைத் தூக்கினார்.

"ஐயா, கொஞ்சம் கஷ்டமா முகத்த வச்சுக்கங்க."

அண்ணன் முயற்சி செய்தார். அவர் முயற்சி செய்வதைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எங்களைப் பார்த்து அவருக்கும் வந்தது.

"ஐயா, இல்லாததெல்லாம் நெனச்சுக்கங்க."

"கால நெனச்சுப் பாத்தேன் தம்பி. அது இருந்தப்ப எங்கெங்க உதைச்சேன்னு ஞாபகம் வருது."

நேரம் போய்க்கொண்டிருந்தது. கிராணி ஐயாதான் சமயத்தில் உதவினார். "அதிகாரி அவர்களே, எங்கள் சங்கம் உதயமான வரலாற்றைச் சுருக்கமாக..." என்று வரவேற்புரையைத் தொடங்கினார். நாலாவது நிமிடத்தில் அண்ணன் முகம் தேவையான அளவுக்கு வாடியது. புனிதன் தம்பி சட்டென்று எடுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர் கண் பலகையில் நின்றது.

"இது என்ன?"

"பலகை தம்பி. நடக்கறதுக்கு."

"இது இருக்கறவரைக்கும் 'கடக்க வழியில்லை'ங்கற கட்டத்துல என்னால குறி போட முடியாதே."

"அண்ணனால இதுல கடக்க முடியாதே தம்பி."

"போராங்குல 'பயனாளியால்'னு இல்லம்மா. பொதுவா வழியில்லன்னுதான் இருக்கு."

பலகையை எடுத்துவிட்டோம். குறி போட்டார். போகிறபோது ஒரு கடிதமும் கொடுத்தார்: 'முடிவு அறிவிக்கப்படும்வரை கால்வாயின் தற்போதைய நிலை எவ்வித மேம்பாடும் இன்றிப் பாதுகாக்கப்பட வேண்டும்.'

அன்றிலிருந்து ஆறுமுகம் அண்ணன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தூக்குகிற ஆட்கள் கால் வைக்கக்கூடப் பலகை இல்லை. பக்கத்து வீட்டுப் பலகையை மிதித்தாலும் 'வழி இருக்கிறது' என்று ஆகிவிடும் என்று சங்கம் அதையும் தடுத்துவிட்டது. கிளினிக்கிலிருந்து தாதிப்பெண் வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டுப் போனாள், அவளும் குதித்துத்தான் வந்தாள். மங்கம்மா அண்ணி ஐம்பத்தெட்டு வயதில் பாசார் கூடையோடு குதிக்கப் பழகினார். யாராவது இரக்கப்பட்டுப் பலகை போட்டுவிடாமல் இருக்க சங்கத்தில் 'நிலைப் பாதுகாப்புப் பிரிவு' என்று ஒன்று அமைத்தோம். கத்தரிப்பூ டி-சட்டை போட்டுக்கொண்டு மாற்றி மாற்றிக் காவல் இருந்தார்கள். லயத்தில் அதுவரை எந்த வேலையும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

மழைக்காலம். ஒரு புதன்கிழமை மங்கம்மா அண்ணி கீரைக்கட்டோடு குதித்தவர், வழுக்கி லோங்காங்குக்குள் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து சலாவுதீன் பாய் லோரி வந்தது. தெமியாங்கில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். புதனுக்குப் புதன் தோட்டம் தோட்டமாகச் சுற்றி இரும்பு வாங்குவார். ஆறுமுகம் அண்ணனும் அவரும் லோரிக் காலத்துக் கூட்டாளிகள்.

பாய் இறங்கி வந்து அண்ணியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். முழங்கால் சிராய்த்து ரத்தம். பாய் லோங்காங்கைப் பார்த்தார், கரையில் சாத்தி வைத்திருந்த பலகையைப் பார்த்தார், பக்கத்தில் காவலுக்கு நின்ற தர்மேந்திரனைப் பார்த்தார். லோரிப் பின்பக்கத்தைத் திறந்து, புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு வைத்த ஒரு கனத்த இரும்புத் தகட்டை இழுத்தார். கதவு அகலம் இருந்தது.

"ரெண்டு பேரு புடிங்க லா. ரெண்டு நிமிசம்."

"பாய்! கைய எடுங்க!" கிராணி ஐயா கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"காசு வேணாம் கிராணி. சும்மாக் கெடந்த தகடு."

"காசுக்கு இல்ல பாய். இதப் போட்டுட்டா தேவை தீந்துடும்."

"தீரணும்னுதானே போடறேன்?"

"தேவை தீந்தா விண்ணப்பம் செத்துடும்யா! ஆறு மாச உழைப்பு. ரெண்டு ஆய்வு. ஒரு மேல்முறையீடு. ஒரு இரும்புத் தகட்டப் போட்டு எல்லாத்தையும் அழிச்சிடுவீங்களா?"

பாய் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. நீங்க சாமி கும்புடறவங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மங்கம்மா அண்ணியும் பார்த்தார், காலில் சேறும் ரத்தமுமாக.

"பாய், நீங்க நெனச்சதே பெருசு" என்றேன். "இப்ப மட்டும் வேணாம்."

பாய் தகட்டை மறுபடி லோரிக்குள் தள்ளினார். உள்ளேயிருந்து ஆறுமுகம் அண்ணன் குரல் வந்தது: "பாய், அத வித்துடாத. வச்சிரு." சிரிப்பது கேட்டது. அன்று சாயந்திரம் விளக்கு மூன்றாவது தீக்குச்சிக்குத்தான் பற்றியது. திரியில் ஏதோ கோளாறு.

மார்கழிக் கடைசியில் கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது! சிமெண்டுப் பாலம், கைப்பிடிக் கம்பி, பெயர்ப் பலகை எல்லாம். அறவாரியத் தலைவர் டத்தோ அவர்களே நேரில் வந்து மாதிரி காசோலை வழங்குகிறார். லயத்தில் பட்டாசு வெடித்தார்கள். இரண்டாவது பக்கத்தை யாரும் படிக்கவில்லை. விமலாதான் அதைப் படித்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓடி வந்தாள்.

நிகழ்ச்சி தை மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி. பயனாளி நிகழ்விடத்தில் இருத்தல் கட்டாயம். அதே ஞாயிறு ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் பாரோயில் மாதவிக்கு முகூர்த்தம்.

அண்ணன் வீட்டிலேயே அவசரக் கூட்டம் போட்டோம். கிராணி ஐயா நீண்ட யோசனைக்குப் பிறகு சொன்னார். "கல்யாணத்த வேற நாள் வச்சுக்கலாம். டத்தோ தேதி கெடைக்காது."

மாதவி செனவாங்கில் தொழிற்சாலை வேலை. வாய்த் துடுக்கு. "சரி அங்கிள். மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்களே லெட்டர் எழுதிடுங்க. சங்கத்து முத்திரையும் குத்திடுங்க, அப்பதான் அடி கொஞ்சம் மரியாதையா விழும்."

"ஒரு யோசனை சொன்னேன்மா. உங்கப்பா மட்டும் இங்க இருந்துட்டு, போட்டோ முடிஞ்சதும் வந்து அட்சதை போடலாமே?"

ஆறுமுகம் அண்ணன் சக்கரத்தை ஒரு முழம் முன்னால் உருட்டினார். "கிராணி, நான் எதுக்கு இந்த லோங்காங்கக் கடக்கணும்னு கேட்டேன்?" என்றார்.

யாருக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், எனக்கும் வரவில்லை. கோப்பில் பார்க்கலாம் என்று விமலா எழுந்தாள்.

"வேணாம் விடு டீச்சர்" என்றார் அண்ணன்.

அந்த ஞாயிறு காலை ஏழு மணி. அண்ணன் பட்டு வேட்டி, ஜிப்பாவில் வாசலில் இருந்தார். மங்கம்மா அண்ணி கிழியாத சேலையில் பக்கத்தில். மாதவியை விடியுமுன்பே மண்டபத்துக்கு அனுப்பியிருந்தார்கள். லோங்காங்குக்கு அந்தக் கரையில் காவலுக்கு தர்மேந்திரன். நான் டத்தோவுக்குக் கட்டிய மாலையோடு என் வாசலில் நின்றேன்.

சலாவுதீன் பாய் லோரி வந்து நின்றது. பாய் ஜிப்பா போட்டு அத்தர் பூசியிருந்தார். அவர் சம்சாரம் ஜுபைதா கையில் கல்யாணப் பரிசோடு இறங்கினார். பாய் பின்பக்கத்தைத் திறந்தார்.

தர்மேந்திரன் கடமை தவறாதவன். தகட்டைப் படம் பிடித்து, 'நிலை மீறப்படுகிறது' என்று எழுதி, சங்க வாட்ஸ்அப்பில் போட்டான். போட்டுவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தகட்டின் ஒரு முனையைப் பிடித்தான்.

பாய் முன்பு சொன்னது தப்பு. இரண்டு நிமிடம் ஆகவில்லை.

அண்ணன் சக்கரத்தில் கை வைத்தார். யாரும் பின்னால் பிடிக்கவில்லை. தகடு தடதடவென்று அதிர்ந்தது. நடுவில் நிறுத்தி, குனிந்து லோங்காங்கைப் பார்த்தார்.

"இம்புட்டுதானா?" என்றார்.

பிறகு அந்தப் பக்கம் இறங்கி லோரியை நோக்கி உருண்டு போனார். மங்கம்மா அண்ணி தகட்டின்மேல் நடந்தார். என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "வர்றியா?"

"டத்தோவுக்கு மாலை..." என்றேன்.

பத்து மணிக்கு டத்தோ வந்தார். நாலு கார், ஒரு மேளம், இரண்டு ஆள் தூக்குகிற காசோலைப் பலகை, கூடுதல் அன்பளிப்பாகப் புதுச் சக்கர நாற்காலி. எல்லாம் இருந்தது. பயனாளி இல்லை. அண்ணன் வாசலில் தகடு வேறு பளபளவென்று கிடந்தது.

புனிதன் தம்பிக்கு வியர்த்தது. "பயனாளி எங்க? படத்துல உக்காந்த மாதிரி ஒருத்தர் கட்டாயம் வேணும்."

கிராணி ஐயா சங்கத்துக்காக எதையும் செய்பவர். தன் வீட்டு வாசலுக்கு ஓடினார். தன் பலகையைத் தானே தூக்கி உள்ளே எறிந்தார். புதுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டார். முகத்தை வாட்டிக்கொள்ளச் சொல்லத் தேவையிருக்கவில்லை. வாட்ஸ்அப்பைப் பார்த்ததிலிருந்தே அது அப்படித்தான் இருந்தது.

நான் மாலை போட்டேன். டத்தோ லோங்காங்கின் அந்தக் கரையிலிருந்து கை நீட்டினார், கிராணி ஐயா இந்தக் கரையிலிருந்து கை நீட்டினார். காசோலைப் பலகை நடுவில் பாலம்போல் நின்றது. மேளம் கொட்டியது. அதே நேரம் பாரோயிலும் கொட்டியிருக்கும். மாதவி கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்க்கவில்லை. பிறந்த அன்று முதல் ஆளாக அவளைக் கையில் வாங்கியவள் நான்.

சாப்பாட்டுக்குத்தான் மண்டபம் போய்ச் சேர்ந்தேன். மங்கம்மா அண்ணி என் இலையில் சோறு வைத்தார். ஆறுமுகம் அண்ணன் பந்தி வரிசைக்கு நடுவில் சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டு வந்தார். என்னிடம் நின்றார்.

"வா தங்கச்சி. டத்தோ சௌக்கியமா?"

பாயசம் ஊற்ற வந்தவரிடம் போதும் என்று இலையை மடித்தேன்.

பிப்ரவரியில் பாலம் கட்டி முடித்தார்கள், கிராணி ஐயா வீட்டு வாசலில். கோப்பில் படம் அந்த வாசல்தானே. நல்ல பாலம். கைப்பிடிக் கம்பிக்கு வெள்ளி வர்ணம். பாலத்தைவிடப் பெரிதாகப் பெயர்ப் பலகை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயனாளியின் முன்னேற்றத்தைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள். சொல்லிவிட்டும் வருகிறார்கள், சொல்லாமலும் வருகிறார்கள். நன்றாக நடந்துகொண்டிருந்த மனிதர், இப்போது வெளியே கார் சத்தம் கேட்டாலே சக்கர நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். போன மாதம் ஐஸ்கிரீம் மோட்டார் வந்ததற்கும் உட்கார்ந்தார்.

இருந்தாலும் வெள்ளிக் கம்பி வெள்ளிக் கம்பிதான். சாயந்திர வெயிலில் மின்னும். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும். முதலில் பக்கத்து வீட்டில் பலகையைக் காணோம். "கரையான் அரிச்சிட்டுது" என்றார்கள். அடுத்த வாரம் அடுத்தடுத்து இரண்டு வீட்டில். பிறகு விமலா வீட்டில். லயத்தில் அதற்கு முன் அப்படிக் கரையான் வந்ததில்லை. இப்போது பதினேழு சங்கங்கள் இருக்கின்றன, பதினேழு நிறத்தில் டி-சட்டை. எதிலும் உறுப்பினர் கிடையாது, எல்லாரும் தலைவர்கள்.

என் பலகையையும் எடுத்துவிட்டேன். சாமி அறைக்குள் பத்திரமாக இருக்கிறது. எங்கள் சங்கத்து நிறம் கிளிப்பச்சை.

கிராணி ஐயா பாலத்துக்குச் சங்கிலி போட்டிருக்கிறார், பயனாளிக்கு மட்டும் என்று. அதனால் வேலைக்குப் போகிறவர்கள், பாசாருக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிற நான், எல்லாரும் பின்பக்கமாகச் சுற்றி லயத்துக் கோடிக்கு நடந்து, ஆறுமுகம் அண்ணன் வீட்டுத் தகட்டின்மேல்தான் லோங்காங்கைக் கடக்கிறோம். அண்ணன் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் "பசியாறியாச்சா?" என்று கேட்டு அனுப்புகிறார். அவர் மட்டும்தான் நினைத்த நேரத்துக்கு வெளியே போய் வருகிறார்.

போன புதன்கிழமை சலாவுதீன் பாய் லோரி வந்தது. பின்னால் தகடு அடுக்கடுக்காக இருந்தது. பதினேழு இருக்கும். அண்ணன்தான் சொல்லியிருக்க வேண்டும். பாய் ஹாரன் அடித்துக்கொண்டே மெதுவாக வந்தார். "அக்கா! டீச்சர்! யாரு வீட்டுலருந்து ஆரம்பிக்க?"

லயம் முழுவதும் கதவு சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. நானும் சாத்தினேன். பாய் என் வாசலுக்கு எதிரே கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்தார். அப்புறம் லோரி போய்விட்டது. அடுத்த புதன் வராமலா இருப்பார், இளகிய மனசுக்காரர்.

விளக்கேற்றிக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆண்டவனே, புனிதன் தம்பி ஒரு தடவை வந்து குறி போட்டுவிட்டுப் போகிறவரைக்கும், யாருக்கும் எங்கள்மேல் இரக்கம் வந்துவிடாமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.